கோயில் இல்லாத ஊரில் குடியிருந்தவர்கள்

கோயில் இல்லாத ஊரில் குடியிருக்கலாகாது என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் பிழைப்புத் தேடிப் புறப்பட்டவனுக்கு ஊரைத் தேர்ந்தெடுக்கும் வசதி எப்போதும் வாய்ப்பதில்லை. வேலை எங்கே கிடைக்கிறதோ, விசா எங்கே கிடைக்கிறதோ, அங்கேதான் அடுப்பு மூட்ட வேண்டியிருக்கிறது. கோயில் பிறகுதான் வருகிறது. சில ஊர்களில் அது வராமலே போய்விடுகிறது.

இந்நாட்டில் குடியேறிய நம்மவருக்கு இது தெரிந்த கதைதான். 1977ஆம் ஆண்டில் நியூயார்க் ஃபிளஷிங்கில் மகா வல்லப கணபதி தேவஸ்தானமும், பிட்ஸ்பர்க்கில் வேங்கடேசுவரர் ஆலயமும் எழுந்தன. அதற்கு முன் வந்தவர்களுக்கு அலமாரித் தட்டில் வைத்த சுவாமி படமே சந்நிதி. ஹூஸ்டனை அடுத்த பேர்லாந்தில் மீனாட்சி அம்மன் ஆலயம் 1982இலும், கலிபோர்னியாவின் லிவர்மோரில் சிவ விஷ்ணு ஆலயம் 1986இலும், நியூ ஜெர்சியின் பிரிட்ஜ்வாட்டரில் வேங்கடேசுவரர் ஆலயம் 1998இலும் கண்ட குடமுழுக்குகள், அப்படிக் காத்திருந்த குடும்பங்கள் கைக்காசு போட்டு நடத்தியவையே.

ஆனால் எவ்வளவு காத்திருந்தாலும் கோயில் எழும்ப முடியாத ஊர்களில் பத்து, பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு வந்த தமிழர்களும் உண்டு. நார்வே நாட்டின் வட கோடியில், ஃபின்மார்க் என்னும் பிரதேசத்து மீன்பிடி ஊர்களில் குடியேறிய யாழ்ப்பாணத் தமிழர்களின் வரலாறு அது. பணக் கணக்கு ஒருபுறமும் மனக் கணக்கு மறுபுறமுமாக அவர்கள் நடத்திய வாழ்க்கை, இங்கே ஒரு கோயிலைச் சூழ்ந்து வாழ்கிறவர்களும் அறிந்துகொள்ளத் தக்கது.

பூமியின் வட விளிம்பு

ஃபின்மார்க்கின் பரப்பு ஏறத்தாழ 48,600 சதுர கிலோமீட்டர். நியூ ஜெர்சியைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். அங்கே வாழ்கிறவர்களோ சுமார் 75,000 பேர்தான். நியூ ஜெர்சியில் 90 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள் என்பதை ஒப்பிட்டால் அந்தத் தனிமை விளங்கும். தலைநகரான ஆஸ்லோவிலிருந்து ஹாமர்ஃபெஸ்ட் நகருக்குச் சாலை வழியே ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். எடிசனிலிருந்து மயாமி வரை கார் ஓட்டிச் செல்வதற்குச் சமம்.

யாழ்ப்பாணம் வட அட்சம் 9 பாகை 40 கலையில் இருக்கிறது. ஹாமர்ஃபெஸ்ட் 70 பாகை 40 கலையில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே சரியாக 61 பாகை வித்தியாசம். அங்கே மே மாத நடுவிலிருந்து ஜூலை இறுதி வரை சூரியன் அஸ்தமிப்பதே இல்லை. நவம்பர் 21ஐ ஒட்டி மறையும் சூரியன் ஜனவரி 21ஐ ஒட்டித்தான் மீண்டும் தலை காட்டும். வெப்ப நீரோட்டம் ஒன்று அந்தக் கரையைத் தழுவிச் செல்வதால் துறைமுகம் உறைவதில்லை. அதனால்தான் அங்கே ஆண்டு முழுவதும் மீன்பிடித் தொழில் நடக்கிறது. ஆயினும் ஜூலை மாதத்தின் சராசரி வெப்பமே 12 டிகிரி சென்டிகிரேடை ஒட்டித்தான்.

அந்த மண்ணும் துன்பம் அறிந்த மண். 1944 அக்டோபர் இறுதியில், பின்வாங்கிய ஜெர்மானியப் படைகள் ஃபின்மார்க்கின் வீடுகளையும் படகுகளையும் எரித்துவிட்டு, சுமார் 50,000 மக்களைக் கட்டாயமாக வெளியேற்றின. ஹாமர்ஃபெஸ்டில் ஒரு சிறு கல்லறைத் தேவாலயம் மட்டுமே எரியாமல் நின்றது. யுத்தம் முடிந்ததும் மக்கள் திரும்பி வந்து எல்லாவற்றையும் புதிதாகக் கட்டினார்கள். 51 ஆண்டுகளுக்குப் பிறகு, 1995 அக்டோபர் இறுதியில், யாழ்ப்பாண நகரமும் வலிகாமமும் ஓரிரு நாட்களில் காலியாகி, லட்சக்கணக்கானோர் நடந்தே வெளியேறினர். அந்தச் செய்தியைக் கேட்டுத் தவித்த தமிழர்கள் அப்போது வசித்த ஊர்களில், அதே அனுபவத்தை உடைய கிழவர்களும் கிழவிகளும் பக்கத்து வீட்டில் இருந்தார்கள்.

வந்தேறிகளுக்கும் அந்தப் பிரதேசம் புதிதல்ல. சாமி இனத்தாரின் பூர்விக நாடு அது. பஞ்சம் பிழைக்கப் பின்லாந்திலிருந்து வந்தவர்கள் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அங்கே குடியேறினர். அவர்கள் நினைவாக வாட்ஸோ நகரில் 1977ஆம் ஆண்டு ஒரு நினைவுச் சின்னம் திறக்கப்பட்டபோது நார்வே, ஸ்வீடன் மன்னர்களும் பின்லாந்து ஜனாதிபதியும் நேரில் வந்தார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வட கடலுக்கு

நார்வேக்கும் யாழ்ப்பாணத்துக்கும் உண்டான உறவு மீனில் தொடங்கியது. யாழ்ப்பாணத்துக் கடற்கரையைச் சேர்ந்த அந்தோணி ராஜேந்திரம் என்பவர் 1956இல் நார்வே போய்ச் சேர்ந்தார். மீன்பிடித் தொழிலின் நவீன முறைகளைக் கற்று, அந்நாட்டு மக்களின் ஆதரவைத் திரட்டி, 1967இல் 'சீ-நோர்' என்னும் நிறுவனத்தை யாழ்ப்பாணத்தில் தொடங்கினார். சிலோன், நார்வே என்ற இரு பெயர்களின் முதலெழுத்துகளே அதன் பெயர். காரைநகரில் படகு கட்டும் தளமும் குருநகரில் வலை ஆலையும் அதன் வழியே வந்தவை. அந்தத் தொடர்பைப் பிடித்துக்கொண்டு சில இளைஞர்கள் நார்வேக்குச் சென்றனர்.

1975இல் நார்வே அரசு வேலைக்கு வருகிற வெளிநாட்டாருக்குக் கதவை மூடியது. படிக்க வருகிறவர்களுக்கு மட்டும் ஒரு சாளரம் திறந்திருந்தது. அந்நாட்டில் தேர்வும் பட்டமும் இல்லாமல், விடுதியில் தங்கி ஓராண்டு படிக்கும் 'மக்கள் உயர்பள்ளி'கள் உண்டு. அவற்றில் இடம் பெற்று யாழ்ப்பாண இளைஞர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு நிலைமை அடியோடு மாறியது. படிப்பு ஒரு சாக்காக இருந்த காலம் போய், உயிர் தப்புவதே காரணமாயிற்று. அகதிகளாக வந்தவர்களை அரசு நாடெங்கும் உள்ள சிறு ஊர்களுக்குப் பிரித்து அனுப்பியது.

அதே காலத்தில் ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளுக்கு ஆள் கிடைக்கவில்லை. உள்ளூர் இளைஞர்கள் படித்துவிட்டுத் தெற்கே போனார்கள். ஹாமர்ஃபெஸ்ட், ஹோனிங்ஸ்வோக், போட்ஸ்பியோர்ட், வார்டோ, வாட்ஸோ ஆகிய ஊர்களில் கத்தி பிடிக்கக் கைகள் தேவைப்பட்டன. அந்த இடத்தை நிரப்பியவர்களில் தமிழர்கள் முக்கியமானவர்கள். மொழி தெரிய வேண்டியதில்லை. குளிர்ந்த கொட்டகையில் நின்றபடி, அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் மீன் துண்டத்தை விரித்து, முள்ளையும் புழுவையும் அகற்ற வேண்டும். எத்தனை கிலோ முடிந்ததோ அதற்கேற்பக் கூலி கூடும்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் மீன் தொழில் சில சமூகத்தாருக்கே உரியதென்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. வட கடலோரத்தில் அந்த வேலியெல்லாம் நிற்கவில்லை. தோட்டக்காரர் மகனும், வாத்தியார் மகனும், கடலோடி மகனும் ஒரே மேசையின் இரு பக்கத்தில் நின்று ஒரே மீனை அறுத்தார்கள். வெள்ளிக்கிழமை தோறும் மரக்கறி மட்டும் உண்ணும் வழக்கமுள்ளவர்களும் அன்று முழுவதும் மீன் வாடையிலேயே நின்றார்கள். பிறகு குடும்பங்கள் வந்தபோது பெண்களும் அந்த வரிசையில் சேர்ந்தனர். ஊரில் வீட்டை விட்டு வேலைக்குப் போகாத பெண்கள் இங்கே தம் கையால் சம்பாதித்தார்கள்.

வரவும் செலவும்

இந்த ஊர்களில் வாழச் செலவு எவ்வளவு? கேள்வி எளிது. விடை இரு வகைப்படும்.

முதலில் சாதகமானவை. மக்கள் வெளியேறிக்கொண்டிருந்த ஊர்களானதால் வீட்டு விலையும் வாடகையும் ஆஸ்லோவைவிட மிகக் குறைவு. மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் அரசின் பொறுப்பு. மீன் தாராளம். வட நார்வேயில் வீட்டு மின்சாரத்துக்கு விற்பனை வரி கிடையாது. 1990ஆம் ஆண்டில் ஃபின்மார்க்கையும் அதை ஒட்டிய வடக்கு ட்ரோம்ஸையும் அரசு சலுகைப் பிரதேசமாக அறிவித்தது. அங்கே வாழ்கிறவர்களுக்கு வருமான வரி குறைக்கப்பட்டது, மின்சாரத் தீர்வை நீக்கப்பட்டது, ஆட்களை வைத்துக்கொள்ளும் முதலாளிக்கும் சமூகக் காப்பீட்டுக் கட்டணம் தள்ளுபடியாயிற்று. ஊரைக் காலியாக விடாமல் காப்பதற்கே இத்தனையும்.

பாதகமானவை வேறு. மீனைத் தவிர மற்றெல்லாம் தெற்கிலிருந்து வந்தாக வேண்டும். தக்காளியும் வெங்காயமும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்தே கடைக்கு வரும். 2001ஆம் ஆண்டு வரை உணவுப் பொருளுக்கும் மற்றப் பொருள்களைப் போலவே முழு விற்பனை வரி. முருங்கைக்காய், கறிவேப்பிலை, மிளகாய்த்தூள், புழுங்கலரிசி ஆகியவற்றுக்கு ஆஸ்லோவில் உள்ள நம்மவர் கடையை நாட வேண்டும். ஊருக்குத் திரும்பும் ஒவ்வொருவரும் ஒரு மூட்டையோடு வருவது தவிர்க்க முடியாததாயிற்று. இங்கே பிட்ஸ்பர்க் கோயிலுக்குப் போனவர்கள் அப்படியே மளிகையும் வாங்கி வந்த நாட்களை எண்ணிப் பார்த்தால் இது புரியும்.

இவ்விரண்டையும் கழித்துக் கூட்டினால், கையில் காசு மிஞ்சவே செய்தது. செலவழிக்க இடமில்லை என்பதும் ஒரு காரணம். கணவனும் மனைவியும் வேலை செய்தால் மிச்சம் கணிசமாக இருக்கும். ஆனால் அந்த மிச்சம் அவர்களுடையது அல்ல. பயணத்துக்காக ஊரில் காணி ஈடு வைத்திருந்தார்கள், தாயின் நகை அடகில் இருந்தது, தங்கைக்குச் சீதனம் தேட வேண்டும், தம்பியை வெளியே எடுக்க வேண்டும்.

இதில் ஒரு முரண் உண்டு. அந்தச் சலுகைத் திட்டத்தில் ஒரு விதி: படிப்புக் கடன் வாங்கிய ஆசிரியரோ மருத்துவரோ ஃபின்மார்க்கில் வேலை செய்தால், ஆண்டுதோறும் கடனில் 10 சதவீதம் வரை, குறிப்பிட்ட உச்சவரம்புக்குள், அரசே கழித்துவிடும். பக்கத்து மேசையில் மீன் அறுத்த தமிழனின் கடனோ எந்த அரசுப் பதிவேட்டிலும் இல்லாத கடன். அதை அவன் கிலோக் கணக்கில்தான் கழிக்க வேண்டியிருந்தது.

1990 ஜூன் முதல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமற் போயின. பெற்றோரோடு பேச வேண்டுமானால் அவர்கள் கொழும்புக்கு வந்தால்தான் உண்டு. கடிதம் போய்ச் சேர வாரங்கள் ஆகும். பிள்ளை இருக்கும் ஊரில் மின்சாரம் தாராளம், சூரியன் இல்லை. பெற்றோர் இருக்கும் ஊரில் சூரியன் தாராளம், இரவில் மண்ணெண்ணெய் விளக்குக்கும் வழியில்லை.

இரவில்லாத கோடை

அந்த ஊர்களில் வருஷத்தின் மையம் கோடைதான். நார்வேயில் 1988ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டப்படி, முந்தின ஆண்டுச் சம்பளத்தில் 10.2 சதவீதம் விடுமுறைப் பணமாகச் சேர்த்து வைக்கப்படும். பெரும்பாலும் ஜூன் மாதத்தில் அது கைக்கு வரும். ஜூலையில் ஆலைகள் ஓய்வெடுக்கும். பள்ளிகள் ஜூன் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடு வரை மூடியிருக்கும்.

குளிர் காலமெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஜனங்கள் கோடையில் வெளியே வருவார்கள். ஜூன் 23ஆம் தேதி இரவு கடற்கரையில் சொக்கப்பனை போலப் பெருந்தீ மூட்டுவது நார்வேக்காரர்களின் வழக்கம். பாறைகளில் மீன் காயப் போடும் மரப்பந்தல்கள் காலியாக நிற்கும். கருவாட்டின் வாடை மட்டும் யாழ்ப்பாணத்துக் கடற்கரையை நினைவூட்டும். ஆகஸ்டில் சதுப்பு நிலங்களில் பொன்னிறமான ஒருவகைக் காட்டுப்பழம் பழுக்கும். அதைப் பறிக்க ஊரே வாளியோடு கிளம்பும். நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குப் பந்து விளையாடலாம், விளக்கு வேண்டாம். குழந்தைகளைத் தூங்க வைக்கத்தான் கறுப்புத் திரை வேண்டும்.

ஆனால் தமிழ்க் குடும்பங்களுக்குக் கோடை என்பது தெற்கே போகும் காலம். கல்யாணம், சாமத்தியச் சடங்கு, பிறந்தநாள், விளையாட்டுப் போட்டி எல்லாம் ஆஸ்லோவிலும் பிற நகரங்களிலும் அந்தச் சில வாரங்களில்தான். ஆடி பிறந்தால் கல்யாணம் கூடாது. விடுமுறையோ ஆனிக்கும் ஆடிக்கும் நடுவே விழுகிறது. ஆகையால் ஜூலை முதல் பாதிக்குள் முகூர்த்தம் பார்க்க நெருக்கடி. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் மகோற்சவம் ஆடி அமாவாசைக்குப் பின் தொடங்கி ஆவணி அமாவாசையை ஒட்டி முடிகிறது. பல ஆண்டுகளில் நல்லூர்த் தேர் ஓடும்போது ஃபின்மார்க்கில் ஆலைச் சங்கு ஊதி வேலை தொடங்கிவிட்டிருக்கும்.

ஒரு குடும்பத்தின் விடுமுறைப் பணம் பயணச் சீட்டிலும் மொய்யிலும் பட்டுப் புடவையிலும் கரைந்துவிடும். செலவுக் கணக்கு எழுதுகிறவருக்கு இது வீண் செலவாகத் தோன்றலாம். பதினொரு மாதம் தாங்குவதற்கு ஒரு மாதம் செய்த முதலீடு என்பதே உண்மை.

சூரியன் வராத பொங்கல்

நம் சமய வாழ்க்கை முழுவதும் சூரியனை நம்பியது. திதியும் விரதமும் சூரியோதயத்தை வைத்தே கணிக்கப்படுகின்றன. பிரதோஷம் என்பது அந்தி வேளை. அந்தியே இல்லாத கோடையிலும், உதயமே இல்லாத மார்கழியிலும் என்ன செய்வது? கடிகாரத்தைப் பார்த்து விளக்கேற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

எல்லாவற்றிலும் பெரிய சோதனை தைப்பொங்கல். சூரியனுக்கு நன்றி சொல்லும் அந்த நாள் ஜனவரி 14ஐ ஒட்டி வருகிறது. ஃபின்மார்க்கின் கரையில் சூரியன் வர இன்னும் ஒரு வாரம் இருக்கும். பால் பொங்கும், கிழக்கு இருட்டாகவே இருக்கும்.

ஆனால் அந்த மண்ணுக்கும் ஒரு பொங்கல் உண்டு. வார்டோ நகரின் பழைய கோட்டையில், நீண்ட இரவுக்குப் பின் சூரிய வட்டம் முழுதாகத் தெரியும் முதல் நாளில் பீரங்கி முழங்கும். பள்ளிக் குழந்தைகளுக்கு அன்று விடுமுறை. நம் பண்டிகைக்குச் சில நாள் தள்ளி வரும் அந்த முழக்கத்துக்கும், முற்றத்தில் வைத்த பானைக்கும் பொருள் ஒன்றே.

மலிவான ஊரை விட்டு

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு விசித்திரம் நடந்தது. கடன் தீர்ந்து, குடியுரிமையும் கிடைத்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஆஸ்லோவுக்குப் பெயர்ந்தன. அங்கே வீட்டு விலை பல மடங்கு. வரிச் சலுகை கிடையாது. ஆலை வேலைக்குப் பதில் துப்புரவு வேலையும் சமையற்கூட வேலையும்தான் பலருக்கு முதலில் கிடைத்தன. கணக்குப்படி பார்த்தால் நஷ்டம். தெரிந்தே போனார்கள்.

அதன் காரணத்தை ஓரளவு விளக்குகிறது அன்னே சிக்ஃபிரிட் குரோன்செத் என்னும் நார்வே மானிடவியல் அறிஞரின் ஆய்வு. 1999-2000இல் ஃபின்மார்க்கின் ஒரு மீன்பிடி ஊரில் தமிழரிடையே தங்கி ஆராய்ந்த அவர், 2010இல் அதை நூலாக வெளியிட்டார். தோளில் வலி, தலையில் வலி, உடம்பெல்லாம் வலி என்று தமிழர்கள் அடிக்கடி மருத்துவ நிலையத்துக்கு வந்தார்கள். மருத்துவர்கள் பரிசோதித்தால் பல வேளைகளில் நோய் எதுவும் அகப்படவில்லை. குளிரும் வேலைக் கடுமையும் ஒருபுறமிருக்க, உறவும் சடங்கும் பழகிய உணவும் அற்ற வாழ்க்கையின் வலி அது என்பதை அவருடைய ஆய்வு எடுத்துக் காட்டியது.

ஆஸ்லோவில் கோயில் இருந்தது, வார இறுதித் தமிழ்ப் பள்ளி இருந்தது, பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் இருந்தது, இழவு வீட்டுக்கு வந்து உட்கார ஆள் இருந்தது. இன்று நார்வேயில் வாழும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழரில் பெரும் பகுதியினர் ஆஸ்லோவிலும் அதன் சுற்றுப்புறத்திலும்தான் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, மூன்று வயதில் நார்வே வந்து, முதலில் ஹாமர்ஃபெஸ்டில் வாழ்ந்து பின் ஆஸ்லோவில் வளர்ந்த கம்சாயினி குணரத்தினம் 2015இல் அந்நகரின் துணை மேயரானார். 2021இல் நார்வே பாராளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். மீன் மேசையின் பக்கத்தில் நின்ற தலைமுறையின் பிள்ளைகள் எட்டிய உயரத்துக்கு அவர் ஒரு சான்று.

எல்லாரும் போய்விடவில்லை. வடக்கிலேயே வேரூன்றிய குடும்பங்களும் உண்டு. ஹாமர்ஃபெஸ்டின் பெயர் 2007 முதல் மீனைவிட, அங்கிருந்து கப்பலேறும் திரவ எரிவாயுவோடு சேர்த்தே பேசப்படுகிறது.

செலவுக் கணக்கில் வராதவை

இந்த வரலாறு கூறுவது ஒன்றுதான். வாடகை, மளிகை, மின்சாரம், வரி என்று எழுதி முடித்தாலும் வாழ்க்கைச் செலவுக் கணக்கு முடிவதில்லை. பேச ஆள் இல்லாமைக்கும், பிள்ளைக்கு மொழி இல்லாமைக்கும், கைகூப்ப இடம் இல்லாமைக்கும் ஒரு விலை உண்டு. அதைக் கொடுத்துப் பார்த்தவர்கள், மலிவான ஊரை விட்டு விலையுயர்ந்த ஊருக்குப் போனார்கள்.

இந்நாட்டிலும் அப்படிப்பட்ட ஊர்கள் இருக்கின்றன. மேற்கு டெக்சாஸின் எண்ணெய் ஊர்களிலும், மாகாணத்தின் கோடியில் உள்ள சிறு மருத்துவமனைகளிலும், வடக்கே அலாஸ்காவிலும் தனித்தனிக் குடும்பங்களாக நம்மவர் வாழ்கிறார்கள். அவர்கள் கோடையில் ஒரு நாள் நம் கோயில் வாசலில் காரை நிறுத்திவிட்டு, யாரையும் தெரியாமல் தரிசனம் செய்து, பிரசாதம் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவதுண்டு. அன்று அவர்களை அடையாளம் கண்டு, உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்லி, அடுத்த விசேஷத்துக்கு அழைப்பு அனுப்ப முகவரி கேட்டுக்கொள்வது பெரிய காரியமல்ல. சங்கத்துக்கு அதில் ஒரு டாலர் செலவும் கிடையாது. ஆனால் அவர்களுடைய பதினொரு மாதத்துக்கு அது போதும்.